நானோ, வேறு யாரோ

அறுப்புக்கூடத்துக்குப் பின்தெருவில் நாங்கள் குடியிருந்த காலத்தில், விடியற்காலையில் ஈரல்காரி படியிறங்கும் சத்தம்தான் எனக்கு அலாரம். கீழ்வீட்டு முன்னறையில் நான் தையல் மிஷின் போட்டிருந்தேன். மாடியில் ஒரே ஒரு அறை, அதன் ஓரத்தில் தடுத்த சமையல் இடம். அங்கே ஈரல்காரி, அவள் புருஷன், புருஷனுடைய அக்கா என்று மூன்று பேர். படி வெளிச்சுவரை ஒட்டி ஏணி மாதிரி நிமிர்ந்து ஏறும். கைப்பிடி கிடையாது. மழைக்காலத்தில் பாசி பிடித்துக் காலை வாரிவிடும். அதில் அவள் கத்திப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு தடதடவென்று இறங்குவாள்.

கூடத்தில் அவளுக்கு உள்ளுறுப்பு மேஜையில் வேலை. ஆட்டை அறுத்துத் தொங்கவிட்டதும் ஈரலும் நுரையீரலும் குடலும் கூடை கூடையாக அவள் முன்னால் வந்து விழும். தண்ணீரில் அலசி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, நல்லதைக் கொக்கியில் மாட்டி, கெட்டதை ஒதுக்க வேண்டும். இருபது வருஷமாக அதைத்தான் செய்தாள். "கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லிடுவேன் டெய்லரம்மா, இந்த ஆடு புல்லு தின்னதா, பேப்பர் தின்னதான்னு" என்பாள். நல்ல ஈரல் வேண்டுமென்றால் தெருவே அவளிடம்தான் சொல்லிவைக்கும். அதில் வந்த பெயர்தான் ஈரல்காரி. அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயரை ரேஷன் அட்டையில்தான் தேட வேண்டும்.

புருஷன் வேன்காரர். கூடத்திலிருந்து கடைகளுக்குக் கறி ஏற்றிப் போவார். வாயைத் திறந்தால் ஏதாவது கிண்டல்தான் வரும். அவருடைய அக்கா, புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்தவள், சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். துணியில் ஒரு மடிப்புத் தவறினாலும் அவளுக்குச் சோறு இறங்காது. ஆட்களிடமும் அப்படித்தான்.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்த மாசத்தில் ஈரல்காரிக்கு வலது விலாவுக்குக் கீழே கனக்க ஆரம்பித்தது. வாயு என்று சொல்லிச் சுக்கைத் தட்டிப் போட்டுக் குடித்தாள். ஒரு நாள் கூடையைத் தூக்கப் போனவள் அப்படியே மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். வேன்காரர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வயிற்றில் பசை மாதிரி எதையோ தடவி ஸ்கேன் எடுத்தார்கள்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. படத்தை எப்படி விளக்குவது என்று யோசித்துக்கொண்டே திரையைத் திருப்பியிருக்கிறாள். ஈரல்காரி ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"தண்ணிப் பை" என்றாள்.

"உங்களுக்கு யாரும்மா சொன்னது?"

"யாரு சொல்லணும்? தினமும் பார்க்கிறதுதானே. மேல ஒரு தோல் இருக்கும், அவிச்ச முட்டையோட வெள்ளை மாதிரி. உள்ள தெளிஞ்ச தண்ணி. அடியில மணல் மாதிரி கொஞ்சம் கிடக்கும். கத்தி முனை லேசா பட்டாப் போதும், மூஞ்சியில பீச்சும்."

"அந்த மணல் ஒவ்வொண்ணும் ஒரு புழுவோட தலை" என்றாள் டாக்டரம்மா.

அதற்குப் பிறகு டாக்டரம்மா சொன்னதையெல்லாம் ஈரல்காரி என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஆட்டு ஈரலில் இருக்கிற பையை நாய் தின்றால் நாய்க் குடலில் புழு வளரும். நாய் போகிற இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத முட்டை விழும். அது நாயின் ரோமத்தில் ஒட்டும், மண்ணில் கலக்கும், கைக்கு வரும், கையிலிருந்து வாய்க்கு. உள்ளே போனால் ஈரலில் உட்கார்ந்து மெதுவாகப் பை கட்டும். பத்து வருஷம்கூட ஆளுக்குத் தெரியாது.

"அறுக்கிறதால வரலையா?"

"இல்லம்மா. நாய் வழியாத்தான்."

வெட்டி எடுத்த பைகளையெல்லாம் கூடத்தின் பின்கதவு வழியாக வெளியே வீசியது அவள்தான். அங்கே பத்துப் பன்னிரண்டு நாய்கள் எப்போதும் காத்திருக்கும். வேலை முடிந்து வரும்போது அதில் இரண்டு மூன்று வீடுவரை அவளோடு வரும். அவளும் தலையைத் தடவிவிட்டுத்தான் மாடி ஏறுவாள்.

ஆபரேஷன் டாக்டர் முடியாது என்றுவிட்டார். பை எட்டரை சென்டிமீட்டர். பெரிய ரத்தக்குழாயின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, கத்தி வைத்தால் ஆள் மேஜையிலேயே போகலாம். உடைந்தால்? மூச்சு அடைத்துப் போகலாம். பிழைத்துக்கொண்டாலும், தண்ணீர் சிந்தின இடமெல்லாம் புதிதாகப் பை முளைக்கும். ஆகவே விழக்கூடாது, வயிற்றில் அடி படக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. டாக்டர் சொன்னது இந்த மூன்றுதான்.

நாத்தனார் அதை முப்பது ஆக்கினாள். மறுநாளே சலவைக் கடை வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். குனியக்கூடாது. தும்மல் வந்தால் மூக்கைப் பிடிக்க வேண்டும். ஒருக்களித்துப் படுக்கக்கூடாது. சிரிக்கக்கூடாது. வேன்காரர் வாயைத் திறந்தாலே, "டேய், அவ சிரிச்சு வெச்சா யாருடா பதில் சொல்றது" என்று அதட்டுவாள். படி இறங்கக்கூடாது என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி. பாசி பிடித்த படியாயிற்றே, நானும் அந்தக் கட்சிதான்.

அப்படித்தான் அவள் மேலே அடைபட்டாள். தகரக் கூரை. பகல் முழுக்கக் காயும். ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். நான் மிஷினை நிறுத்தும்போதெல்லாம் தலைக்கு மேலே அவள் நடப்பது கேட்கும். ஆறு எட்டு வைப்பாள். நிற்பாள். திரும்பி ஆறு எட்டு. கூடவே நாத்தனாரின் குரல்: "நடந்தது போதும், உக்காரு."

பொழுது போகாமல் என்னிடமிருந்து வெட்டுத்துணிகளை வாங்கி நிறம் நிறமாகப் பிரித்துக் கொடுப்பாள். நான் மேலே போனால் என் கையைப் பிடித்துக்கொள்வாள். "டெய்லரம்மா, எத்தனை ஆயிரம் பையை இந்தக் கையால வெட்டி எறிஞ்சிருப்பேன். இப்ப ஒண்ணு உள்ள உக்காந்துக்கிட்டு என்னை அசையாதேங்குது."

"அதையே பேசிட்டிருக்காதே" என்பாள் நாத்தனார்.

"வேற எதைப் பேசறது அண்ணி? வெளிய போனாத்தானே வேற விஷயம் வரும்."

இரண்டாவது தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் டாக்டரம்மா புது மருந்தைப் பற்றிச் சொன்னாள். புழுவைக் கொல்லும் மாத்திரை பழையதுதான், ரொம்ப நாளாக இருக்கிறது. ஆனால் அது தண்ணீரில் கரையாது. பத்துப் பங்கு முழுங்கினால் ஒரு பங்குகூட ரத்தத்தில் ஏறாது, மீதி வந்த வழியே போய்விடும். ஈரலுக்குப் போய், அந்தப் பையின் தடித்த தோலைத் தாண்டி, உள்ளே சேருவது துளியிலும் துளி. இப்போது அதே மருந்தை நானோ அளவுக்குப் பொடி செய்து, கொழுப்பு மாதிரி ஒன்றால் போர்த்தியிருக்கிறார்கள். உள்ளே நிறையப் போய்ச் சேரும் என்று நம்புகிறார்கள்.

"மிளகை முழுசா முழுங்கினா அப்படியே வெளிய வரும்" என்றாள் ஈரல்காரி. "அரைச்சுப் போட்டா உறைக்கும். அந்த மாதிரியா?"

"அதேதான். ஆனா இந்தப் பொடியை நீங்க கண்ணால பார்க்க முடியாது. ஒரு தலைமுடியோட அகலத்துல நூத்துக்கணக்குல வரிசையா அடுக்கலாம்."

"நல்லதுதானே, குடுங்க."

"அதுலதாம்மா ஒரு விஷயம் இருக்கு. இது ஆராய்ச்சி. பாதிப் பேருக்குப் புதுசு, பாதிப் பேருக்குப் பழசு. கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். பார்க்க ரெண்டு மாத்திரையும் ஒண்ணாத்தான் இருக்கும். யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முடியறவரைக்கும் சொல்ல மாட்டாங்க. சேர்றதும் சேராததும் உங்க இஷ்டம். சேரலைன்னாலும் பழைய மாத்திரை கிடைக்கும். சேர்ந்தப்புறம் வேண்டாம்னு தோணினா எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்."

வேன்காரர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். "அப்ப அந்த நானோ உனக்கோ, வேற யாருக்கோ. நானோ, வேறு யாரோன்னுதான் பேர் வெச்சிருக்கணும்" என்றார். ஈரல்காரிக்குச் சிரிப்பு பீறிட்டது. நாத்தனார் ஆஸ்பத்திரி என்றும் பாராமல் தம்பி முதுகில் ஒன்று வைத்தாள்.

கையெழுத்துப் போட்டார்கள். எண் ஒட்டிய டப்பா வந்தது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, வெண்ணெய் தடவிய ரொட்டியோடு. மாசத்துக்கு ஒரு தடவை வேனில் மெத்தை விரித்துக் கூட்டிப்போவார்கள். படியில் முன்னால் வேன்காரர் பின்பக்கமாக இறங்க, பின்னால் நாத்தனார் புடவையைப் பிடித்துக்கொண்டு வர, நடுவில் அவள் ஒவ்வொரு படியாகக் காலை வைப்பாள். தெருவில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்போம். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பார்கள், மிச்ச மாத்திரையை எண்ணுவார்கள், அனுப்பிவிடுவார்கள். அந்த ஒரு நாள் வெளிக்காற்றுக்காக அவள் மாசம் பூரா காத்திருப்பாள்.

நடுவில் ஒரு முறை, பையையெல்லாம் வெளியே வீசாமல் குழி தோண்டிப் புதைக்கச் சொல்லுங்கள் என்று புருஷனைக் கூடத்துக்கு அனுப்பினாள். மேஸ்திரி, "இருபது வருஷமா வீசினது யாராம்?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். வேன்காரர் அதை மறைத்துத்தான் வைத்திருந்தார். எப்படியோ அவள் காதுக்கு வந்தது. அன்றைக்கு ஆறு எட்டு நடக்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

மூன்றாவது மாசம் ஸ்கேன். எட்டரை எட்டரையாகவே இருந்தது.

"மூணு மாசத்துல முடிவு சொல்ல முடியாதும்மா. பொறுமையா இருங்க" என்றாள் டாக்டரம்மா.

"பொறுமையா இல்லாம எங்க போறேன்" என்றாள் ஈரல்காரி.

காத்திருக்கும் இடத்தில் நாத்தனார் ஒரு ஆளைப் பார்த்துவைத்திருந்தாள். ஆட்டுக்காரர் ஒருவர், கால்வாய்க்கு அந்தப் பக்கம் பட்டி போட்டிருப்பவர். அவருக்கும் ஈரலில் இதே பை, இதே ஆராய்ச்சி. அவருக்கு ஒன்பது ஆறாகியிருந்தது. மனுஷன் அதை எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம், சோப்பு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு நாத்தனார் வெயிலில் கால்வாய்வரை நடந்தே போய்வந்தாள். முந்தானையில் முடிந்து வந்ததைக் கட்டிலில் அவிழ்த்தாள். பத்து மாத்திரை.

அப்போது நான் பிரித்த துணி வாங்க மேலே போயிருந்தேன்.

"இது ஏது அண்ணி?"

"உன்னோடதுல பத்து அவருக்குக் குடுத்தேன். அவரோடதுல பத்து வாங்கிட்டேன். பார்க்க ஒண்ணுதான். எண்ணினாலும் குறையாது. யாருக்கும் தெரியாது. முதல்ல இதை முழுங்கு. மாசாமாசம் வாங்கிட்டு வரேன்."

"அவரு சும்மா குடுத்தாரா?"

"உன் நிலைமையைச் சொன்னேன். குடுத்தார். நல்ல மனுஷன்."

ஈரல்காரி அந்த மாத்திரைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். நான் சத்தியமாகச் சொல்கிறேன், அவள் முழுங்கிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் முழுங்கியிருப்பேன். தகரம் காய்ந்து அறை அடுப்பு மாதிரி இருந்தது. அவள் முகத்தில் வேர்வை வழிந்தது.

"உங்க தம்பிக்கு போன் பண்ணுங்க. வேனை எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"திருப்பிக் குடுக்கணும்."

"பைத்தியமா உனக்கு? அந்த ஆளே குடுத்தது."

"அவரு என்னோடதை முழுங்கறதுக்குள்ள போகணும் அண்ணி."

"நான் போய்க் குடுத்துட்டு வரேன், நீ உக்காரு."

"நீங்க குடுக்க மாட்டீங்க. கால்வாய்வரைக்கும் போயிட்டு அப்படியே திரும்பி வந்து, பால்ல கரைச்சுக் குடுப்பீங்க. உங்களை எனக்குத் தெரியாதா?"

நாத்தனார் கதவை மறித்து நின்றாள். "நான் பொணத்தைத் தூக்கித் தூக்கி அலுத்துப்போனவடி. என் புருஷன் போனப்ப செய்யறதுக்கு ஒரு வழிகூட இல்ல. இங்க கண்ணெதிர்ல ஒரு வழி இருக்கு. நியாயம் பேசறியா? உயிரு போனப்புறம் நியாயத்தை வெச்சு என்ன பண்ணுவ?"

"நகருங்க அண்ணி."

"மாட்டேன்."

"அப்ப தள்ளிட்டுத்தான் போவேன். நான் விழுந்தா நீங்கதான் காரணம்."

நாத்தனார் நகர்ந்தாள். அப்படி ஒரு வார்த்தையை அவளிடம் சொன்னதற்காக ஈரல்காரி பிறகு ரொம்ப நாள் வருத்தப்பட்டாள்.

வேன்காரர் வந்தார். ஆஸ்பத்திரி நாள் இல்லாமலே அவள் படி இறங்கினாள். முன்னால் அவர், பின்னால் நான். நாத்தனார் மேலேயே நின்றுவிட்டாள். என்னையும் வேனில் ஏறச் சொன்னார்கள். மண்பாதையில் வேன்காரர் நடக்கிற வேகத்தில் ஓட்டினார். ஒவ்வொரு குழிக்கும் நிறுத்தி, மெதுவாகச் சக்கரத்தை இறக்கி ஏற்றினார். வழி முழுக்க ஒரு கிண்டல்கூட அவர் வாயில் வரவில்லை.

ஆட்டுக்காரர் பட்டிக்கு வெளியே உட்கார்ந்து ஒரு ஆட்டின் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள். மூன்று நாய்கள் எழுந்து வந்தன. அதில் ஒன்று ஈரல்காரியை அடையாளம் கண்டுகொண்டு வாலை ஆட்டியது. அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மாத்திரை முழுங்கிட்டீங்களா?" என்றாள் எடுத்த எடுப்பில்.

"சோத்துக்கு அப்புறம் ஒண்ணு போட்டேன். ஏன், கெட்டுப்போனதா?"

"ஒண்ணும் கெடல. இந்தாங்க உங்க பத்து. என்னோடதைக் குடுங்க."

அவர் சட்டைப்பையைத் தடவி ஒன்பதை எடுத்தார். கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "வெச்சுக்கங்கம்மா. எனக்குத்தான் சுருங்குதே. உங்களுக்குக் குடும்பம் இருக்கு. எனக்கு இந்த அறுபது ஆடுதான். நான் போனா ஒரு நாள் கத்தும், மறுநாள் வேற ஆள் பின்னால போயிடும்."

"உங்க நாயிங்க கூடத்துக்குப் பின்னாடி வரும். தெரியுமா?"

"ஆடு ஓட்டிட்டு வரும்போது கூட வரும். ஏன்?"

"தண்ணிப் பையை அதுங்களுக்குப் போட்டது நான். உங்களுக்கு இந்த நோவு அதுல வந்திருக்கலாம். டாக்டரம்மா சொன்னதுலேருந்து எனக்கு அந்த நினைப்புத்தான். இப்ப உங்க மருந்தையும் பிடுங்கித் தின்ன என்னால ஆகாது."

ஆட்டுக்காரர் சீவுகிற கத்தியைத் தரையில் குத்தினார்.

"நான் மட்டும் என்ன செஞ்சேன்? செத்த ஆட்டைப் புதைக்க யாருக்கும்மா நேரம்? அறுத்து நாய்க்குத்தான் போட்டேன். என்கிட்டேருந்து உங்களுக்கு வந்துதோ, உங்ககிட்டேருந்து எனக்கு வந்துதோ, நாயைத்தான் கேக்கணும்."

அதற்கு வேன்காரர் சிரித்துவிட்டார். மாத்திரை கை மாறியது. அவர்கள் இருவரும் அந்தக் கட்டாந்தரையில் உட்கார்ந்து, எந்தப் பக்கம் வலிக்கிறது, எந்த நேரத்தில் கனக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். அவள் அப்படி ஆசையாகப் பேசி நான் பார்த்துப் பல மாசம் ஆகியிருந்தது. வெயில் தாழ்ந்து ஆடுகள் பட்டிக்குள் போகிறவரை கிளம்ப மனசில்லாமல் இருந்தாள்.

திரும்பி வந்து படி ஏறினோம். நாத்தனார் கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நாலு நாள் யாரோடும் பேசவில்லை. சோறு வைப்பாள், மாத்திரையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைப்பாள், அவ்வளவுதான். மாசக் கடைசியில் எண்ணிக்கையில் ஒன்று குறைந்ததற்கு, என்ன ஆச்சு என்று டாக்டரம்மா கேட்டாள். ஈரல்காரி மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாளாம். பிறகு ஒரு தாளில் எழுதிக்கொண்டு, "ரெண்டு பேரும் தொடரலாம். ஆனா இன்னொரு தடவை கூடாது" என்றாளாம்.

அதற்கப்புறம் ஐந்து மாசம் ஓடியது. வெயில் போய் மறுபடி மழை வந்தது. தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் அவள் நடக்கிற சத்தம் எனக்குக் கேட்காது. ஒரு நாள் நான் மேலே போனபோது சுவரில் சாய்ந்து கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். "டெய்லரம்மா, அது வெடிச்சாக்கூடத் தேவலைன்னு தோணுது. ஏதோ ஒண்ணு நடந்த மாதிரி இருக்கும்" என்றாள். நாத்தனார் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அதட்டவில்லை. ஒரு சீப்பை எடுத்துவந்து பின்னால் உட்கார்ந்து அவளுக்குத் தலை வாரிவிட்டாள்.

எட்டாவது மாசம் ஆஸ்பத்திரியிலிருந்து அவர்களாகவே கூப்பிட்டார்கள். ஆராய்ச்சியைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். புது மருந்து சாப்பிட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பை சாக ஆரம்பித்துவிட்டது. பழைய மருந்துக்காரர்களில் நாலில் ஒருவருக்குக்கூட இல்லை. வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகு பாதிப் பேருக்குப் பழசையே கொடுத்துக்கொண்டிருப்பது தப்பு என்று மேலே இருப்பவர்கள் சொல்லிவிட்டார்கள். யாருக்கு எது என்று எழுதி மூடி வைத்திருந்த உறையைப் பிரித்துப் பார்த்தார்கள்.

ஈரல்காரி எட்டு மாசம் முழுங்கியது பழசு. ஆட்டுக்காரருக்குப் புதுசு.

நாத்தனார் எழுந்து வெளியே போய்விட்டாள். வேன்காரர் கையில் இருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்து மடித்துக் கடுகு அளவுக்கு ஆக்கினார்.

"உங்களுக்கு எப்படி இருக்கும்னு புரியுதும்மா" என்றாள் டாக்டரம்மா. "ஆனா பழசு சாப்பிட்டவங்க இல்லைன்னா புதுசு நல்லதுன்னு எங்களால சொல்லியிருக்கவே முடியாது."

"தராசுல ஒரு பக்கம் கறி வெச்சா மறுபக்கம் எடைக்கல்லு வைக்கணும்" என்றாள் ஈரல்காரி. "நான் எடைக்கல்லு. பரவாயில்ல. கல்லு எட்டு மாசம் அந்த ரூமுக்குள்ளயே கிடந்துதும்மா."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அன்றைக்கே புது மருந்தைக் கொடுத்தார்கள். முதல் நாளிலிருந்து கணக்கு மறுபடி தொடங்கியது. மாத்திரை பழசு மாதிரியே இருந்தது. மறுநாள் காலை முழுங்கிவிட்டு உட்கார்ந்தவளை நாத்தனார் குறுகுறுவென்று பார்த்தாள்.

"என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல."

"அன்னிக்கு அந்தப் பத்தையும் முழுங்கித் தொலைச்சிருந்தா, மாசாமாசம் வாங்கிட்டு வந்திருந்தா..."

"அண்ணி, அதை விடுங்க."

"நான் சொன்னது சரிதானே? அதை மட்டும் சொல்லிடு."

"சரிதான். நீங்க சரியாத்தான் கண்டுபிடிச்சீங்க."

அது போதும் என்கிற மாதிரி நாத்தனார் ரொட்டிக்கு இன்னும் கொஞ்சம் வெண்ணெய் தடவினாள்.

நடுவில் ஒரு மாசம் ரத்தப் பரிசோதனையில் ஈரல் களைத்திருக்கிறது என்று மருந்தை மூன்று வாரம் நிறுத்தினார்கள். அந்த மூன்று வாரமும் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு மறுபடி தொடங்கினார்கள். ஏழாவது மாச ஸ்கேனுக்கு நானும் கூடப் போனேன். திரையைத் திருப்புவதற்குள் அவள் எழுந்து தலையை நீட்டிப் பார்த்துவிட்டாள்.

"உள்தோல் கழண்டுபோச்சு" என்றாள். "தண்ணியில நனைஞ்ச துணி மாதிரி மடங்கிக் கிடக்கு பாருங்க. இது செத்த பை. கிழட்டு ஆட்டுல வரும். வெட்டினா பீச்சாது."

"ஆமாம்மா, சாகுது" என்றாள் டாக்டரம்மா. "அளவும் ஆறுக்கு வந்திருக்கு. இன்னும் கொஞ்ச மாசம் மருந்து இருக்கு. அதுக்கப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும். அது உள்ளதான் இருக்கும், மெதுவா இறுகிக் கல்லு மாதிரி ஆயிடும். படி இறங்கலாம். குனியலாம். ரொம்பக் கனம் மட்டும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்."

வேன்காரர் அடுத்த வாரமே தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்துவிட்டார். எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. சாமான் இறக்க நானும் மேலே போனேன். பாத்திரம், பெட்டி, துணி எல்லாம் போய்விட்டது. கட்டிலும் மெத்தையும்தான் பாக்கி. நாத்தனார் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"அண்ணி, எழுந்திருங்க. கீழ எல்லாரும் நிக்கிறாங்க."

"நீ வேலைக்குப் போயிடுவ" என்றாள் நாத்தனார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"கூடத்துக்குப் போகமாட்டேன். வேற ஏதாவது பார்ப்பேன்."

"ஏதோ ஒண்ணுக்குப் போயிடுவ. சலவைக் கடையில என் இடத்துல வேற ஒருத்தி நிக்கிறா. நான் போய்க் கேட்டுட்டு வந்தேன். நான் இனிமே என்ன பண்றது?"

அவள் அழுது நான் பார்த்ததில்லை. அப்போதும் அழவில்லை. மெத்தையின் விளிம்பை விரலால் நீவி நீவி மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஈரல்காரி அண்ணியின் கையைப் பிடித்து எழுப்பி, "மெத்தையைச் சுருட்டுவோம் வாங்க" என்றாள்.

"டெய்லரம்மா சுருட்டுவாங்க. நீ தள்ளு. குனியாதே."

"குனியலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"டாக்டர் சொல்லுவா."

ஈரல்காரி குனிந்தாள். பதினாறு மாசத்துக்குப் பிறகு, இடுப்பை வளைத்து, இரண்டு கையாலும் மெத்தையின் முனையைப் பிடித்து ஒரு சுருட்டு சுருட்டினாள். வயிறு தொடையில் பட்டது. நாத்தனாரின் கை அவள் விலாவுக்குக் கீழே போய், தொடாமல், விழுகிற எதையோ ஏந்துவது போல அங்கேயே நின்றது. மூன்று பேரும் அசையாமல், உள்ளேயிருந்து ஏதாவது சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டோம்.

ஒன்றும் வரவில்லை. கீழே வேன்காரர் ஹாரனை அடித்தார்.

"இன்னொரு சுருட்டு" என்றாள் ஈரல்காரி.